தானா நகர்ந்த சக்கர நாற்காலிகள்: 323 மீட்டர் டவரும் ஒரு சாண் வாக்கி-டாக்கியும்

1/
ராமேஸ்வரத்துல தூர்தர்ஷன் டவரைப் பார்க்காம யாரும் ஊர் திரும்ப முடியாது. உயரம் 323 மீட்டர். பாரிஸ் ஈஃபிள் கோபுரத்தைவிட ஏழெட்டு மீட்டர்தான் குறைவு. வீட்டில் ஒருவருக்கு பேட்டரி வீல்சேர் வாங்கும்போது நம்ம பக்கத்து ஆட்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: "இவ்ளோ பெரிய டவர் பக்கத்துல கரண்ட் வண்டி ஓட்டினா ஏதாவது ஆகுமா டாக்டர்?"

2/
ஒரே வரியில் பதில்: டவரைப் பற்றிக் கவலைப்படாதீங்க, பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கும் வாக்கி-டாக்கியைக் கவனிங்க. ஏன் அப்படி என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. அமெரிக்காவில் சிலருடைய வீல்சேர் அவங்க கை வைக்காமலேயே நகர்ந்து, நடைபாதை ஓரத்திலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் இறங்கின கதை. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க.

3/
முதல்ல, இது நமக்கு ஏன் முக்கியம்? ராமநாதபுரம் கடற்கரை மாதிரி ரேடியோ அலை நெரிசலான கிராமப்புறம் குறைவு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம். மண்டபத்தில் கடலோரக் காவல்படை. கரையோரம் மரைன் போலீஸ். விசைப்படகுகளில் வி.எச்.எஃப் செட். அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் கூட்டம் கூடினால் பத்தடிக்கு ஒரு போலீஸ் வாக்கி-டாக்கி. தனுஷ்கோடி போனால் நம்ம போனுக்கு இலங்கை டவரே வரவேற்பு மெசேஜ் அனுப்புது!

4/
அதே கரையில் வீல்சேர் தேவைப்படுபவர்களும் இருக்காங்க. இது பனை நாடு. பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர்கள் இருப்பாங்க. சங்கு குளிக்க ஆழத்துக்குப் போய், வேகமா மேலே வந்ததால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழி உண்டாகி, தண்டுவடம் பாதிக்கப்பட்டு கால் செயலிழப்பதும் மருத்துவம் நன்கு அறிந்த விஷயம். கிழக்குக் கடற்கரைச் சாலை பைக் விபத்துகள் தனி. தசைச்சிதைவு நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கையிலும் வலு குறைவு. கையால் சக்கரம் தள்ள முடியாதவருக்கு பேட்டரி வண்டிதான் கால்.

5/
இப்போ வரலாற்றுக்கு வருவோம். முதல் உலகப்போர் வரை முதுகுத்தண்டு முறிந்தால் பெரும்பாலும் மரணம்தான். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, சில மாதங்களில் முடிந்துவிடும். இரண்டாம் உலகப்போரில் இரண்டு விஷயம் மாறியது. பெனிசிலின் வந்தது. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், தண்டுவடம் பாதித்தவர்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அந்த வார்டுதான்.

6/
உயிர் பிழைத்தாச்சு. அடுத்து எப்படி நகர்வது? கழுத்துப் பகுதியில் அடிபட்டவருக்குக் கையும் முழுசா இயங்காது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த ஜார்ஜ் கிளைன் என்ற பொறியாளர், போரில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்காக 1950-களின் முதல் பாதியில் ஒரு மின் நாற்காலி செய்தார். இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார், திசை காட்ட ஒரு சின்னக் குச்சி. இன்று நாம ஜாய்ஸ்டிக் என்று சொல்வது. 1956-ல் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் மின் நாற்காலிகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது.

7/
தமிழ்நாட்டிலும் அதே காலத்தில் ஒரு கதை நடந்தது. 1954-ல் வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வை இழந்தார். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது அவரால்தான். 'வீட்டோடு கிடக்கட்டும்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் திரும்ப வெளியே வர நம்ம மாநிலத்தில் வழி திறந்தது அங்கே.

8/
இனி வண்டி எப்படி ஓடுது என்று பார்ப்போம். இது புரிந்தால் மீதி எல்லாம் தானா புரியும். பழைய ஜாய்ஸ்டிக் உள்ளே இருப்பது ரேடியோவில் சவுண்ட் கூட்டிக் குறைக்கும் குமிழ் மாதிரி ஒரு பாகம். குச்சி நடுவில் நின்றால் உதாரணமா 2.5 வோல்ட். முன்னே தள்ளினால் வோல்ட் ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும். கன்ட்ரோலர் என்ற பெட்டி அந்த வோல்ட்டைப் பார்த்து மோட்டாருக்குக் கரண்ட் விடும். அதற்குக் கை தெரியாது, குச்சி தெரியாது. வோல்ட் மட்டும்தான் தெரியும்.

9/
பிரேக்கும் கரண்டில்தான். பேட்டரி வீல்சேரில் பிரேக்கை அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங். கரண்ட் போனால் பிரேக் பிடிக்கும், கரண்ட் வந்தால் பிரேக் விடும். நல்ல ஏற்பாடுதான், பேட்டரி செத்தாலும் வண்டி உருளாது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 'கிளம்பச் சொல்றாங்க' என்று கன்ட்ரோலர் தப்பா நினைத்துவிட்டால், முதல் வேலையா பிரேக்கை விட்டுவிடும். சரிவில் நிற்கும் வண்டி என்றால் மோட்டார் சுற்றக்கூடத் தேவையில்லை. உருள ஆரம்பித்துவிடும்.

10/
1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் பெருகியது. ஒரு பக்கம் பேட்டரி வீல்சேரில் தைரியமா தெருவுக்கு வந்தவர்கள். இன்னொரு பக்கம் போலீஸ், தீயணைப்பு, செக்யூரிட்டி, லாரி டிரைவர் என எல்லோர் கையிலும் பேசும் ரேடியோ, பிறகு செல்போன். பக்கத்தில் யாரோ ரேடியோவில் பேசத் தொடங்கும்போது வீல்சேர் தானா நகர்கிறது என்று புகார்கள் வந்தன. சில வண்டிகள் நடைபாதை ஓரத்திலிருந்தும் படகுத்துறையிலிருந்தும் இறங்கிப் போனதாகப் பதிவு உண்டு. உயிர்ச்சேதம் பதிவாகவில்லை. ஆனா பலத்த காயம் பட்டவர்கள் உண்டு.

11/
இப்படி ஒரு புகார் உங்ககிட்ட வந்தா முதல்ல என்ன தோணும்? 'கை பட்டிருக்கும்.' டாக்டரா இருந்தா இன்னும் வசதி, ஒரு மருத்துவப் பெயரே இருக்கு. தண்டுவடம் பாதித்தவர்களுக்குக் கை கால் தசை திடீரென்று இழுத்துக்கொள்ளும், ஸ்பாசம் என்போம். 'ஸ்பாசம் வந்து ஜாய்ஸ்டிக்கைத் தட்டியிருப்பீங்க' என்று சொல்லி அனுப்பிவிடலாம். பல நேரம் அது உண்மையாவும் இருக்கும். எல்லா நேரமும் இல்லை என்பதுதான் இந்தக் கதை.

12/
அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு எஃப்.டி.ஏ. அவங்க வீல்சேர்களைச் சோதனைக்கூடத்தில் நிறுத்தி, வேண்டுமென்றே ரேடியோ அலையைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். அலையின் பலம் மீட்டருக்கு 5 முதல் 15 வோல்ட் அளவிலேயே வண்டிகள் குழம்பின. கீழ்மட்டப் பலத்தில் பிரேக் விட்டது. பலத்தைக் கூட்டக் கூட்ட சக்கரமே சுற்றியது. அலை எவ்வளவு பலமோ, சக்கரத்துக்கு அவ்வளவு வேகம். தானா நகர்ந்துச்சு என்று சொன்னவர்களின் பேச்சு அங்கே நிரூபணமானது.

13/
ஒரு அலை எப்படி வண்டி ஓட்டும்? 2000-களில் செல்போன் வைத்திருந்தவர்களுக்கு இது காதாலேயே தெரியும். ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்தால், கால் வருவதற்கு ஒரு நொடி முன்னாடி 'டிட் டிடிட் டிடிட்' என்று சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? ஸ்பீக்கர் செல்போன் அலையைப் பிடிக்கச் செய்யப்பட்டதில்லை. ஆனா அதன் ஒயர் ஆன்டெனா மாதிரி வேலை செய்தது. உள்ளே இருந்த எலக்ட்ரானிக் பாகங்கள் அந்த அலையை ஒரு சின்ன வோல்ட்டா மாற்றின. ஸ்பீக்கருக்கு வோல்ட் கிடைத்தால் சத்தம். வீல்சேர் கன்ட்ரோலருக்கு அதே வோல்ட் கிடைத்தால்? ஓட்டம்.

14/
நம்ம பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் எளிதா விளங்கும். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. ராத்திரியில் ஒரு ஸ்டேஷன் மேல் இன்னொரு ஸ்டேஷன் ஏறி, பாட்டுக்குள் யாரோ செய்தி வாசிப்பது வழக்கம். காதுக்கு அது 'இது நம்ம ஸ்டேஷன், அது அடுத்தது' என்று பிரிக்கத் தெரியும். வீல்சேர் பெட்டிக்கு அந்த அறிவு அன்றைக்குக் கொடுக்கப்படவில்லை. எந்த வோல்ட் குச்சியிலிருந்து வந்தது, எது காற்றிலிருந்து வந்தது என்று பிரிக்கத் தெரியாது.

15/
ஒயரின் நீளமும் இதில் சேர்த்தி. ஒரு ஒயர் அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால் அந்த அலையை நன்றாகப் பிடிக்கும். கடலில் எல்லாப் படகும் கேட்கும் அவசர சேனல் 16, அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 1.9 மீட்டர். கால் பங்கு என்றால் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்போ வீல்சேரில் கைப்பிடியில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கிலிருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குப் போகும் ஒயரை அளந்து பாருங்க. கிட்டத்தட்ட அதே கணக்கில் வரும்.

16/
இனி டவர் கேள்விக்கு வருவோம். அலையின் பலத்தைத் தோராயமாகக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: வாட்டை 30-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தூரத்தால் வகுக்கணும். 5 வாட் வாக்கி-டாக்கி ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால் மீட்டருக்குச் சுமார் 12 வோல்ட். அரை மீட்டரில் 24. இரண்டு மீட்டர் தள்ளினால் 6. மூன்று மீட்டரில் 4. அமெரிக்காவில் வண்டிகள் குழம்பிய அளவு 5 முதல் 15 என்று பார்த்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

17/
டவர்? பெரிய டிவி டவர் ஒன்று ஆன்டெனாவின் பலத்தோடு சேர்த்து 1,00,000 வாட் அளவுக்கு அனுப்புது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டரில் அதன் பலம் மீட்டருக்கு 2 வோல்ட்டுக்கும் கீழே. நேர் கீழே நின்றாலும் ஆன்டெனா இருப்பது 300 மீட்டர் உயரத்தில். அலையைத் தொடுவானம் பார்த்து வீசுவதற்குத்தான் அது அமைக்கப்படும். ஆக, வீல்சேரைப் பொறுத்தவரை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராட்சச டவரைவிட, தோளுக்குப் பக்கத்தில் பேசும் ஒரு சாண் வாக்கி-டாக்கி பத்து மடங்கு பலசாலி. டியூப் லைட் எரியும் மைதானத்தைவிட மூக்கு முன்னால் பிடித்த டார்ச் கண்ணைக் கூசுவது மாதிரி. இங்கே அளவு பெரிதில்லை, கிட்டம்தான் பெரிது.

18/
படகுக்கும் இதே கணக்கு. விசைப்படகில் பொருத்தும் வி.எச்.எஃப் செட் முழுப் பலத்தில் 25 வாட். ஒரு மீட்டரில் 27 வோல்ட், மூன்று மீட்டரில் 9, ஐந்து மீட்டரில் 5-க்குச் சற்று மேல். ஜெட்டி ஓரமா பேட்டரி வண்டியில் உட்கார்ந்து அப்பா மீன் ஏலம் பார்க்கிறார், பக்கத்தில் கட்டின படகில் ஒருவர் மைக் எடுத்துப் பேசுகிறார். அவருக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது. அமெரிக்கப் புகார்களில் படகுத்துறை ஏன் வந்தது என்று இப்போ விளங்கும். தண்ணீர் ஓரத்தில் அரை மீட்டர் நகர்ந்தாலே போதும்.

19/
1994 மே மாதம் எஃப்.டி.ஏ. வீல்சேர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு அளவுகோல் வைத்தது. மீட்டருக்கு 20 வோல்ட் பலமுள்ள அலையில் நின்றாலும் வண்டி குழம்பக் கூடாது. இது எட்டக்கூடிய அளவு, பயனுள்ள அளவு என்பது அவங்க வாதம். 12-ஆம் எண் பதிவில் பார்த்த 5-ஐயும் இந்த 20-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அதே 5 வாட் வாக்கி-டாக்கி பழைய வண்டியைக் குழப்ப 2 மீட்டருக்கு மேல் தள்ளி நின்றாலே போதும். 20 வோல்ட் தாங்கும் வண்டி என்றால் அரை மீட்டர் வரை கிட்ட வரணும்.

20/
அதே வருஷம் செப்டம்பரில் பயன்படுத்துபவர்களுக்கும் எச்சரிக்கை போனது. சுருக்கம் இது:
வண்டி ஆனில் இருக்கும்போது அதில் உட்கார்ந்தபடி வாக்கி-டாக்கி, செல்போன் மாதிரி அலை அனுப்பும் கருவிகளை இயக்காதீங்க.
ஒலிபரப்பு நிலையங்களுக்கு மிகக் கிட்டே போகாதீங்க.
வண்டி தானா நகர்ந்தாலோ பிரேக் தானா விட்டாலோ, பாதுகாப்பான முதல் நொடியில் ஆஃப் பண்ணுங்க.
புதுசா பாகம் சேர்த்தாலோ மாற்றினாலோ குழப்பம் கூடலாம்.
நடந்ததைத் தெரிவிங்க.
இன்றும் நல்ல கம்பெனி வீல்சேரின் கையேட்டில் இந்த வரிகள் இருக்கும். நாம பிரிக்காமலே பரண்ல போடும் அதே கையேடுதான்.

21/
இது வீல்சேரோடு மட்டும் நிற்கும் விஷயமும் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரு ஆம்புலன்ஸில், மாரடைப்பு வந்த முதியவரைக் கொண்டுபோகும்போது, டாக்டரிடம் ஆலோசனை கேட்க ரேடியோவை ஆன் செய்த ஒவ்வொரு முறையும் இதயக் கருவி நின்றுபோனது. நோயாளி இறந்துவிட்டார். ஆராய்ந்தபோது, வண்டியின் உலோகக் கூரையை மாற்றி ஃபைபர் கூரை போட்டிருந்தது தெரிந்தது. அதன் மேல் நீளத் தூர ஆன்டெனா. உலோகக் கூரை தடுத்துக்கொண்டிருந்த அலை நேரா உள்ளே இறங்கியது.

22/
பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? ஒயருக்கு உலோக வலை உறை போட்டார்கள். அலையை வடிகட்டும் சின்னப் பாகங்களை வாசலிலேயே வைத்தார்கள். ஜாய்ஸ்டிக்கிலிருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டு சிக்னல் அனுப்பினார்கள். இரண்டு சாட்சியும் ஒரே மாதிரி சொன்னால்தான் பெட்டி நம்பும். முரண்பட்டால் வண்டியை நிறுத்திவிடும். 2003-ல் ஐ.எஸ்.ஓ. 7176 வரிசையில் 21-ஆம் பகுதி வந்தது. மின் வீல்சேர் ரேடியோ அலையைத் தாங்குதா என்று சோதிக்கும் உலகத் தரம் அது. 2009-ல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

23/
செல்போனும் மாறியிருக்கு. பழைய 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும். 4ஜி போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட். ஸ்பீக்கரில் அந்த 'டிட் டிடிட்' சத்தமும் இப்போ பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனா ஒன்று: டவர் கிட்டே இருந்தால் போன் மெதுவா பேசும், டவர் தூரமானால் கத்தும். தனுஷ்கோடி மாதிரி சிக்னல் தத்தளிக்கும் இடத்தில் போன் தன் முழுப் பலத்தில் இருக்கும். போனை ஜாய்ஸ்டிக் மேலேயே கட்டி வைக்காதீங்க. மடியிலோ பையிலோ தள்ளி வைத்தால் போதும்.

24/
இப்போ நம்ம நாட்டு நிலவரம். கான்பூரில் 1972-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அலிம்கோ. மத்திய அரசு உதவித் திட்டங்களில் வரும் மோட்டார் மூன்று சக்கர வண்டிகள் பெரும்பாலும் அங்கிருந்து வருபவை. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து பிறந்த நியோமோஷன் நிறுவனம் சக்கர நாற்காலியில் மாட்டும் மோட்டார் வண்டியை அறிமுகப்படுத்தியது. தமிழ்நாடு அரசும் தண்டுவடப் பாதிப்பு, தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு பேட்டரி நாற்காலி கொடுக்குது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்க. வண்டி வருவது நல்ல செய்தி, அதில் சந்தேகமே இல்லை.

25/
கவனம் தேவைப்படுவது வண்டி வீட்டுக்கு வந்த பிறகு. நம்ம ஊர் மெக்கானிக் கெட்டிக்காரர். ஒயர் அறுந்தா வேற ஒயர் போட்டு முறுக்கி டேப் ஒட்டிடுவார். ஓடும். ஆனா அந்த ஒயரில் இருந்த உலோக வலை உறை போயிடுச்சு. எல்.இ.டி. லைட், ப்ளூடூத் ஸ்பீக்கர், போன் சார்ஜர் எல்லாம் அதே பேட்டரியில் இழுத்தால் ஒவ்வொரு ஒயரும் கூடுதல் ஆன்டெனா. கம்பெனியில் 20 வோல்ட் தாங்கின வண்டி, நம்ம தெருமுனையில் 5 வோல்ட் தாங்கும் வண்டியா மாறிடலாம். பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

26/
கடற்கரைக்கென்று தனி எதிரி ஒன்று: உப்புக் காற்று. உலோக வலை உறை வேலை செய்யணும் என்றால் அதன் முனை வண்டியின் சட்டத்தோடு நல்லா ஒட்டியிருக்கணும். அந்த இணைப்பில் பச்சைப் பாசி மாதிரி துரு ஏறினால் உறை இருந்தும் பலனில்லை. ஜன்னல் கம்பி ரெண்டு வருஷத்தில் அரித்துப்போகும் ஊரில் கனெக்டர் மட்டும் தப்பிக்குமா? பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவங்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை கனெக்டர்களைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. கடல் தண்ணி பட்ட அன்றைக்கே துடைச்சுக் காய வைங்க.

27/
ஒரு நேர்மையான குறிப்பு. தானா நகரும் வண்டி எல்லாத்துக்கும் ரேடியோ அலை காரணமில்லை. தேய்ந்த ஜாய்ஸ்டிக், உள்ளே இறங்கின தண்ணீர், தளர்ந்த இணைப்பு, உண்மையான ஸ்பாசம், இவைதான் அதிகம் சந்தேகப்பட வேண்டியவை. புது வண்டி வைத்திருப்பவர் பயந்துபோய் வெளியே போவதை நிறுத்த வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் வரும் படுக்கைப்புண்ணும் மனச்சோர்வும் எந்த வாக்கி-டாக்கியையும்விட ஆபத்து.

28/
செய்ய வேண்டியது சின்ன விஷயங்கள்தான்.
ஒரே இடத்தில் நிற்கப் போறீங்களா? வண்டியை ஆஃப் பண்ணிடுங்க. ஆஃப் ஆன வண்டியின் பிரேக்கை ஸ்பிரிங் பிடிச்சிருக்கும். அந்தப் பிடியை அலை விட வைக்க முடியாது.
ஜெட்டி, படித்துறை, சாய்தளம், ரயில்வே பிளாட்ஃபாரம்: இங்கெல்லாம் விளிம்பைப் பார்க்க நிற்காம பக்கவாட்டா நிறுத்துங்க.
பக்கத்தில் யாராவது வாக்கி-டாக்கி எடுத்தால், 'அண்ணே, ரெண்டடி தள்ளி நின்னு பேசுங்க' என்று கூச்சப்படாம கேளுங்க. ரெண்டடி தள்ளிப் போனாலே அலை பாதியாகலாம்.

29/
காவலர்கள், கோவில் செக்யூரிட்டி, படகு ஓட்டும் அண்ணன்மார் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். பேட்டரி வீல்சேருக்கு உதவி செய்ய ஓடி வர்றீங்க, நல்ல மனசு. ஆனா பின்னாடி குனிந்து ஒரு கையால் நாற்காலியைப் பிடித்து, இன்னொரு கையால் செட்டை அழுத்திப் பேசாதீங்க. அது ஜாய்ஸ்டிக்கிலிருந்து ஒரு முழம்தான். மூன்று மீட்டர் விலகிப் பேசிட்டு, பிறகு வந்து கைகொடுங்க.

30/
மருத்துவ நண்பர்களுக்கு. 'வண்டி தானா நகர்ந்துச்சு' என்று ஒருவர் சொன்னால் ஸ்பாசம் என்று எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்க. எங்கே நின்றீங்க? பக்கத்தில் யாராவது ரேடியோவிலோ போனிலோ பேசினாங்களா? சமீபத்தில் வண்டியில் ஏதாவது மாற்றினீங்களா? அதே இடத்தில் அதே நேரத்தில் திரும்ப நடந்திருந்தால் அது தசையின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. அரை நிமிஷம்கூட ஆகாத கேள்விகள். கால் இல்லாதவருக்குக் கால் கொடுத்திருக்கோம்; அந்தக் கால் பொய் சொல்லுதா என்று விசாரிப்பதும் நம்ம வேலைதான்.

31/
கடைசியா, தெரிவிப்பது. அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. ஜோசியம் பார்த்துச் சோதனை செய்யவில்லை. வீல்சேரில் இருந்தவர்களின் புகார்கள் எழுத்தில் போய்ச் சேர்ந்ததால் செய்தது. இந்தியாவிலும் அதற்கு வழி உண்டு. மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய 2015-ல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் தொடங்கியது. கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர் மட்டுமில்லை, நோயாளியும் குடும்பத்தாரும் சொல்லலாம். தேதி, இடம், வண்டியின் மாடல், பக்கத்தில் என்ன கருவி இருந்தது, இந்த நாலும் போதும்.

32/
நம்ம கரையில் ஒரு பேட்டரி வீல்சேர் இப்படி நகர்ந்தால் 'கை பட்டிருக்கும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. அதற்குத்தான் இவ்வளவு நீளமா எழுதினேன். பேட்டரி வண்டி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்புங்க. வாக்கி-டாக்கி வைத்திருக்கும் ஒருவருக்கும் அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.